அம்மாவுக்குப் பேச்சு வராது

ஜனவரி 9

என் அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடி இருக்கிறது, என்னைத் திட்டும் தெம்பும் பழையபடி இருக்கிறது. நீ, அத்தான், கொசுறு மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன்னிடம் ஒரு சண்டை. உங்கள் வீட்டு ஃபோன் இருக்கிறதா, அல்லது அழகுக்கு ஹாலில் வைத்திருக்கிறீர்களா? நான் அடித்தால் எடுப்பதில்லை. போன மாதம் ஒரே ஒரு முறை எடுத்தாய். நான் கால் மணி நேரம் பேசினேன், நீ நாலு "ம்" போட்டாய், வைத்துவிட்டாய். "அவளுக்கு நம்ம மேல என்ன வருத்தமோ, நீதான் ஏதாவது வாயைக் கொடுத்திருப்பே" என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க மைக்கில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் இந்த விசாரணை வேறு.

அம்மாவுக்கு ஒரே ஆசைதான். பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தாள் என்று அவளுக்குக் கொசுறு என்று பெயர் வைத்தது அம்மாதானே? அந்தக் கொசுறு இப்போது எப்படிப் பேசுகிறாள் என்று கேட்க வேண்டுமாம். ஒரே ஒரு நாள் ஃபோனில் அவளைப் பேச வை. "பாட்டி" என்று சொன்னால் போதும், இவள் ஆறு மாதத்துக்கு என்னை விட்டுவிடுவாள்.

அம்மாவின் முத்தங்களோடு,
உன் வாயாடி


பிப்ரவரி 20

அருமை வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது, தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். சொன்னால் கேட்க மாட்டாள், நீயே கொடு.

எனக்கு யார் மேலும் ஒரு வருத்தமும் இல்லை. சலவைக் கூடத்தில் வேலை நெட்டி முறிக்கிறது. பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் எங்களிடம்தான் வருகின்றன. மெஷின்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் நாங்கள் எல்லோரும் கையாலேயே பேசிக்கொள்வோம். இப்படி என்றால் சூடு அதிகம், இப்படி என்றால் மேஸ்திரி வருகிறாள், இப்படி என்றால் சாப்பிடப் போகலாம். நீ இங்கே வேலைக்கு வந்தால் ஒரு வாரத்தில் பைத்தியம் பிடித்துவிடும் உனக்கு.

கொசுறு பள்ளிக்கூடம் போகிறாள். இந்த ஊர்ப் பேச்சைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறாள். டீச்சர்கள் மெச்சுகிறார்கள். உன் அத்தானுக்கும் ரொம்ப சந்தோஷம். ஃபோனுக்கு அவளைக் கூப்பிடுவது கொஞ்சம் கஷ்டம், அவள் தூங்கும் நேரமும் உங்கள் நேரமும் ஒத்து வருவதில்லை. ஃபோன் வேண்டாம், நீ கடிதமே எழுது. கடிதம் என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு என் அன்பு.
அக்கா


மார்ச் 11

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்.

முந்தாநாள் அறிவிப்பு அறையிலிருந்து உனக்கு ஃபோன் செய்தேன். கொசுறு எடுத்தாள். "கொசுறு, சித்தி பேசறேன்டி, அம்மாகிட்ட குடு" என்றேன். அவள் அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னாள். நான் மறுபடி "அம்மா, அம்மா" என்றேன். மறுபடியும் அதையே சொன்னாள். பக்கத்தில் எங்கள் டிக்கெட் பரிசோதகர் நின்றிருந்தார். அந்தப் பக்கம் வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவரிடம் ரிசீவரைக் கொடுத்தேன். அவரும் ஏதோ கேட்டார், அவளும் ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"உங்க அக்காவுக்கு எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"எப்படி?"

"'அம்மாவுக்குப் பேச்சு வராது, அப்பா சாயந்திரம் வருவாரு'ன்னு குழந்தை சொல்லுது. என்னாச்சும்மான்னு கேட்டேன். 'ஒண்ணும் ஆகல, எங்கம்மா எப்பவுமே ஊமைதான்'னு சொல்லுது."

அக்கா, அடுத்து வந்த வண்டிக்கு வேறு ஊரின் பெயரைச் சொல்லித் தொலைத்தேன். பாதிப் பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மேலாளர் ஓடி வந்து கத்தினார், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தேன். என் மூஞ்சியைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். "தொண்டையில கட்டியா? வாதமா? என்கிட்ட மறைக்கறாளா?" என்று சாப்பிடாமல் கிடக்கிறாள்.

நேற்று அத்தானின் கம்பெனிக்கே ஃபோன் போட்டேன். "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கா, கடுதாசி போடச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். டிசம்பரில்கூட "ம்" என்றாயே, அது உன் தொண்டையிலிருந்துதானே வந்தது? உடனே எழுது.

வாயாடி


ஏப்ரல் 2

வாயாடி,

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல். என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. கட்டி இல்லை, வாதம் இல்லை, சளிகூட இல்லை. எனக்குப் பேச வரும். நான் கொசுறுவின் முன்னால் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இப்படி எழுதிப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இரண்டு வயதில் பேச்சு சரியாக வரவில்லை. வந்ததும் பாதி தமிழ், பாதி இந்த ஊர்ப் பேச்சு. குழந்தைகள் நல மையத்தில் ஒரு அம்மாள், "வீட்டுல ஏதாவது ஒரே பாஷையில பேசுங்க" என்றாள். அதே வாரம் உன் அத்தானுக்கு வேலையில் ஒரு அடி விழுந்தது. லிஃப்ட் மெக்கானிக்குகளில் ஒருவரை சூப்பர்வைசர் ஆக்க நேர்முகம் வைத்தார்கள். இவர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்களாம், கடைசியில் சிரித்தார்களாம். இவரிடம் வேலை பழகினவனுக்கே அந்தப் பதவி போயிற்று. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என் பொண்ணைப் பார்த்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது. இனிமே வீட்டுல தமிழ் வேண்டாம்" என்றார். அழுதார், அதையும் சொல்ல வேண்டும்.

நான் இந்த ஊர்ப் பேச்சில் பேசிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது சோப்பு, சூடு, எவ்வளவு, நாளைக்கு. அதையும் தப்பும் தவறுமாகச் சொல்வேன். கொசுறு என்னைப் போலவே தப்பாகச் சொல்ல ஆரம்பித்தாள். "கொஞ்ச நாளைக்கு நீ அவ முன்னாடி பேசாம இரு. பள்ளிக்கூடம் போய் நல்லாப் பேசப் பழகட்டும்" என்றார். கொஞ்ச நாள்தானே என்று இருந்தேன், இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சலவைக் கூடத்தில் கையாட்டுகிற மாதிரி வீட்டிலும் கையாட்டினேன். அவள் இருக்கும்போது தமிழில் ஃபோன் பேச முடியாது. "ம்" போடலாம்.

அவள் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில்தான் தெரிந்தது. அதைப் படித்ததிலிருந்து கை வேலை ஓடவில்லை. இஸ்திரி மெஷினில் ஒரு விரிப்பைத் தீய்த்துவிட்டேன்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்.
அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

நாங்கள் நலமாக இல்லை. நலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நீ எழுதியதை அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். முடித்ததும், "மறுபடி படி" என்றாள். மறுபடி படித்தேன். "பெத்த புள்ளைகிட்ட ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசலியா? அவளா? தூக்கத்துலகூடப் பேசுவாளேடி" என்றாள். அப்புறம் எழுந்துபோய்ப் பாத்திரம் விளக்க ஆரம்பித்தாள், விளக்கி வைத்த பாத்திரத்தையே திரும்பவும் விளக்கினாள்.

எனக்கு வருகிற கோபத்துக்கு அத்தானை என்ன செய்வேனோ தெரியாது. அவரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றால் சிரித்தவன் பல்லை உடைக்க வேண்டும், உன் வாயைத் தைப்பாரா? அவர் சொன்னார் சரி, உனக்கு எங்கே போயிற்று புத்தி? பள்ளிக்கூடத்தில் நம் இருவரையும் எதிரெதிர் மூலையில் உட்கார வைத்தால்கூட நிறுத்தாமல் பேசின நீயா இது? நான் மைக்கில் மூன்று பாஷையில் கத்துகிறேன், அதில் இரண்டு எனக்கு அரைகுறைதான். ஜனங்கள் சரியான வண்டியில்தானே ஏறுகிறார்கள்? யாரும் செத்துப்போகவில்லையே?

இன்றைக்கே பேசு. அவளை உட்கார வைத்து, "நான் உன் அம்மா, எனக்குப் பேச வரும்" என்று சொல். எந்த பாஷையில் வேண்டுமானாலும் சொல், உடைத்துச் சொல், நொறுக்கிச் சொல். பதில் போடு.

கோபம் தீராத,
வாயாடி


ஜூன் 23

வாயாடி,

எல்லோரும் சுகமா? பதில் போடாமல் இருந்ததற்கு நீ என்னென்ன திட்டியிருப்பாய் என்று தெரியும், அத்தனையும் எனக்கு வேண்டியதுதான். சொல்ல வந்ததைக் கேட்டால் இன்னும் நாலு சேர்த்துத் திட்டுவாய்.

உன் கடிதம் வந்த அன்றே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். அன்று சாயந்திரமே கதவைத் தட்டினார்கள். பச்சைக் கோட்டு போட்ட ஒரு அம்மாள், கூடவே பள்ளிக்கூடத்து ஆயா. "எங்கம்மா ஊமை" என்று கொசுறு வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பள்ளி வாசலில் நான் தலையாட்டுவதையும் கையாட்டுவதையும் டீச்சர்களும் பார்த்திருக்கிறார்கள். பாவம் என்று சைகை மொழி கற்றுத்தர ஆள் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவாராம், எனக்கும் கொசுறுவுக்கும் சேர்த்துச் சொல்லித் தருவாராம். வாயில் வார்த்தை வந்து நின்றது. அந்த அம்மாளுக்குக் காது கேட்காது என்று ஆயா சொன்னாள். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவர் வேலையிலிருந்து வந்தார். பச்சைக் கோட்டு டீச்சர் ஒரு தாளில் விவரம் எழுதிக் காட்டினார். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இல்லை என்று இரண்டு பேரில் ஒருவர் சொல்லியிருக்கலாம். அவர் டீச்சருக்குக் கும்பிடு போட்டு நன்றி சொன்னார். பிறகு என்னிடம், "இப்ப சொன்னா மானம் போயிடும். ஒரு மாசம் போகட்டும்" என்றார்.

வாயாடி, ஒரு மாதம் போகட்டும் என்று அவர் சொன்னார், போகவே கூடாது என்று நான் நினைத்தேன். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். சைகை மொழி என்றால் நாங்கள் சலவைக் கூடத்தில் ஆட்டுகிறோமே அது இல்லை. அது நிஜமான பாஷை. அதில் கிண்டல் உண்டு, கோபம் உண்டு, நேற்றைக்கும் நாளைக்கும் வேறு வேறு உண்டு. அதில் எனக்கும் கொசுறுவுக்கும் ஒரே வகுப்பு. யாரும் யாரையும் விட நன்றாகப் பேசுவதில்லை. மூன்றாவது வாரம் அவள் என்னிடம், பக்கத்தில் உட்காரும் பையன் தன் கலர் பென்சிலை ஒடித்துவிட்டான் என்று கோள் சொன்னாள். என் மகள் என்னிடம் சொன்ன முதல் கோள்! அதற்கு அடுத்த வாரம் பென்சிலை ஒடித்தது அவள்தான் என்று தெரிந்தது. பொய்யும் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதனால் பேசவில்லை. திட்டு.
அக்கா


ஜூலை 12

அக்கா,

உடம்பு சுகம்தானே? தலை சுகமா என்று கேட்கத் தோன்றுகிறது.

படித்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், கோள் சொன்ன இடத்தில். அப்புறம் அழுதாள், அதே இடத்தில். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காது கேட்காத ஒரு பெண்மணியை வாராவாரம் வரவழைத்து, நன்றாகப் பேசுகிற நீ ஊமை வேஷம் போடுகிறாய். அத்தான் அதற்குக் கும்பிடு போடுகிறார்.

நீ சந்தோஷமாக இருக்கிறாய், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அவளும் நீயும் பேசுகிறீர்கள், நல்லது, கையால் என்ன காலால் பேசினால்கூட எனக்குச் சம்மதம். ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமா? எனக்குக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் உன் குரல் தெரியும், அம்மாவின் இருமல் தெரியும். உன் மகளுக்கு நீ ஃபோனில் போட்ட "ம்" மட்டும்தான் தெரியும்.

அவளே ஒரு நாள் கண்டுபிடித்தால் என்ன செய்வாய் என்று யோசித்தாயா? லீவு போட்டுவிட்டு நான் வரட்டுமா? அம்மாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். ஒரு வார்த்தை எழுது போதும்.

வாயாடி


செப்டம்பர் 6

வாயாடி,

கொசுறு உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை பள்ளி விட்டு வரும்போது என் இரண்டு கையிலும் பை. தெருவுக்கு அந்தப் பக்கம் பச்சைக் கோட்டு டீச்சர் போய்க்கொண்டிருந்தார். கொசுறு அவரைப் பார்த்ததும் ஓடினாள். வலது பக்கத்திலிருந்து சாமான் கொண்டுபோகிற சைக்கிள், பின்னால் பெட்டி கட்டியது, இறக்கத்தில் வேகமாக வருகிறது. கையை ஆட்டி என்ன பயன்? அவள் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. பைகளைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "கொசுறு! நில்லுடி! நில்லு!" வாயாடி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். தெருவில் போன அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிள்காரன்கூடப் பார்த்தான். அவள் மட்டும் திரும்பவில்லை. யாரோ ஒரு பொம்பளை ஏதோ ஒரு பாஷையில் கத்துகிறாள், அவள் எதற்குத் திரும்ப வேண்டும்? கொசுறு என்பது அவள் பெயர் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இங்கே எல்லோரும் அவளைப் பள்ளிப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

சைக்கிள்காரன் திருப்பியதால் சக்கரம் ஏறவில்லை, பெட்டியின் முனை இடித்துத் தள்ளியது. தாடை கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தையல் போடுமுன் நர்ஸ் என்னிடம் ஏதோ கேட்டாள். ரத்தம் ஒழுகுகிற வாயோடு கொசுறு, "அம்மாவுக்குப் பேச்சு வராது" என்று எனக்காகப் பதில் சொன்னாள். உன் அத்தானும் ஓடி வந்தார். நர்ஸ் அவரைக் கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆமா, வராது" என்றார்.

அங்கேதான் எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. "வரும்" என்றேன். இந்த ஊர்ப் பேச்சில், எனக்குத் தெரிந்த தப்பும் தவறுமாக, சத்தமாகச் சொன்னேன். "எனக்குப் பேச்சு வரும். எப்போதும் வரும்."

எங்கள் கூடவே வந்திருந்த பச்சைக் கோட்டு டீச்சர் கதவருகே நின்று என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொசுறு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். என் வாயையே பார்த்தாள். எட்டி வந்து உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். அழுத்திப் பொத்தினாள்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.
அக்கா


செப்டம்பர் 18

அக்கா,

தையல் பிரித்தார்களா? சீழ் வைக்கவில்லையே? சாப்பிடுகிறாளா?

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் பிரித்தேன், பிரித்திருக்கக் கூடாது. மைக் முன்னால் உட்கார்ந்தேன், வாய் திறக்கவில்லை. ஒரு வண்டி அறிவிப்பு இல்லாமலே போயிற்று. "உடம்பு சரியில்லையாம்மா?" என்று டிக்கெட் பரிசோதகர் கேட்டார், மைக்கை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். எனக்கா இந்த கதி என்று எனக்கே நம்ப முடியவில்லை.

அம்மா கேட்பது ஒன்றுதான். "வாயைப் பொத்தினாளே, அப்புறம் கையை எடுத்தாளா?" அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எழுது அக்கா. எதுவாக இருந்தாலும் எழுது.

வாயாடி


அக்டோபர் 27

என் வாயாடிக்கு,

தையல் பிரித்தாயிற்று. ஒரு கோடு தெரிகிறது, வளர வளர மறையும் என்கிறார்கள். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அவள் கேட்டதற்குப் பதில் இதுதான்: கையை எடுத்தாள். எடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

என்னிடம் மட்டும் இல்லை. யாரிடமும் பேசவில்லை. பள்ளியில் பேசவில்லை, அப்பாவிடம் பேசவில்லை, கடையில் மிட்டாய் காட்டிக் கேட்டாலும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினோம், தாடையில் கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். தண்ணீர் பட்ட பாடாகப் பேசினவள், எந்தப் பேச்சுக்காக நாங்கள் இத்தனையும் செய்தோமோ அந்தப் பேச்சைத் தூக்கிப் போட்டுவிட்டாள். கை மட்டும்தான் பேசுகிறது, அதுவும் சோறு, தண்ணீர், வேண்டாம் என்று மட்டும்.

நான் பேசிப் பார்த்தேன். தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் பிறந்ததிலிருந்து. ஒரு வார்த்தை புரிந்திருக்காது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பச்சைக் கோட்டு டீச்சர் ஒரே ஒரு முறை வந்தார். உட்காரவில்லை. "காது கேட்காத குழந்தை இருக்கிற இன்னொரு வீடு காத்திருந்தது. அவர்களுடைய சனிக்கிழமையைத்தான் உனக்குக் கொடுத்தேன்" என்று கையால் சொன்னார். எனக்குப் புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. அவரே கற்றுத் தந்தது, எல்லாம் தெளிவாகப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கொசுறு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக் கையால் ஏதோ கேட்டாள். அவருக்குச் சைகை ஒன்றும் தெரியாது. சனிக்கிழமைகளில் அவர் வெளியே போய்விடுவார்.

"என்ன கேக்கறா?" என்றார் என்னிடம்.

நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். விளையாடப் போகக் கேட்கிறாள் என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். மாற்றிச் சொன்னால் கண்டுபிடிக்க அந்த வீட்டில் யாருக்கும் வழியில்லை. எனக்கு அந்த ஆசை வந்தது, மறைக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"'அம்மாவுக்குப் பேச வரும்னு உனக்குத் தெரியுமா?'ன்னு கேக்கறா" என்று தமிழில் சொன்னேன். அவள் முன்னாலேயே சொன்னேன்.

அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "தெரியும்னு சொல்லு" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

"எனக்கு எங்கே வருது அது?"

விரலை நெற்றியில் இப்படி வையுங்கள் என்று காட்டினேன். அவர் வைத்தார். முதல் தடவை தப்பாக வைத்தார், கொசுறு முகத்தைச் சுளித்தாள். சரியாக வைத்தார். தெரியும் என்று தன் மகளிடம் கையால் சொன்னார், என் கண் எதிரிலேயே. வாயாடி, இதை விடப் பெரிய அதிர்ச்சி என் வாழ்க்கையில் இனி வராது. அவளுக்கு அது புரிந்த கணத்தை நான் பார்த்தேன். அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், தனக்கு மட்டும் தெரியாது.

அவள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்படியென்றால் என்னிடம் மட்டும் ஏன் பேசவில்லை? நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கையால் கேட்டாள்.

அவர் மறுபடி என்னைப் பார்த்தார். அதையும் அவருக்குச் சொன்னேன். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, "நீ ஒண்ணும் பண்ணலடி. நான்தான் பயந்துட்டேன்" என்று தமிழில் சொன்னார். அவர் அவளிடம் தமிழ் பேசி வருஷங்கள் ஆகின்றன. நான் அதை என் கைகளால் அவளுக்குச் சொன்னேன். அதற்கு மேல் நானும் சேர்த்து ஒன்று சொன்னேன், நானும் பயந்தேன் என்று. அது என்னுடையது, மொழிபெயர்ப்பு இல்லை.

அவள் யார் மடியிலும் வந்து விழவில்லை. தட்டை இழுத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போய்விட்டாள். இன்று வரை வாய் திறக்கவில்லை. அவர் தினமும் வேலையிலிருந்து வந்ததும் சைகை ஒன்று கற்றுக்கொடு என்று என்னிடம் உட்காருகிறார். நான் சமையல் செய்துகொண்டே தமிழில் ஏதாவது பேசுகிறேன், சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. நேற்று அவள் அறைக் கதவைச் சாத்தாமல் விட்டிருந்தாள். அதற்கு அர்த்தம் ஏதும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாயே. நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அம்மாவை அத்தை வீட்டில் விடாதே, கூட்டிக்கொண்டு வா. வந்து இந்த வீட்டில் இரண்டு பேரும் வழக்கம்போல் சண்டை போடுங்கள், சிரியுங்கள், காலையிலிருந்து சாயந்திரம் வரை வாய் ஓயாமல் பேசுங்கள். அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும்.

சீக்கிரம் வாடி. எனக்குத் தனியாகப் பேச முடியவில்லை.

உன் அக்கா